குரேபயாஷி கடைப் பூக்கள்

நகோயாவில் நல்ல பிரெஞ்சுச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று என் காபிக்கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்கள், கல்யாண நாள் கொண்டாட வந்த ஜோடிகள், மாமியாரை அசத்த நினைக்கும் மாப்பிள்ளைகள். நான் யோசிக்கவே மாட்டேன். "அடுத்த கதவு" என்பேன். சகாயே பக்கம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட கடை ஒன்று இருக்கிறதாமே என்று யாராவது இழுத்தால், "அங்கே லிஃப்ட் வேலை செய்யாது" என்று சொல்லிவிடுவேன். லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்கிறது. மன்னிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த கதவுக்காரிக்கு அது சுத்தமாகக் கிடையாது. அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

அவள் பெயர் நிவா மிட்சுயோ. நிவா குடும்பப் பெயர், மிட்சுயோ அவளுடைய பெயர். ஒல்லியான உடம்பு, பெரிய முழங்கைகள், பேசும்போது எதிரில் இருப்பவரின் மோவாயைப் பார்க்கும் வழக்கம். தோகோனாமேயில் மண்குழாய் சுடும் சூளையில் அவளுடைய அப்பாவுக்கு வேலை. பள்ளிக்கூடம் முடிந்ததும் இவள் நேராக நகரத்துக்கு வந்து, குரேபயாஷி என்பவரின் பிரெஞ்சு உணவகத்தில் செப்புப் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். அதுதான் நான் சொன்ன மேல்மாடிக் கடை.

குரேபயாஷி டோக்கியோக்காரர். பிரான்சில் லியோன் நகரத்தில் தொழில் கற்றவர். இந்த ஊருக்கு வந்து அரை ஆயுள் ஆன பிறகும் "உங்க ஊர்ல" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எங்கள் ஊர்ச் சிவப்பு மிசோவைக் கண்டால் அவருக்கு ஆகாது. சோயா அவரையை வருஷக்கணக்கில் புளிக்கவைத்து எடுக்கும் கறுத்த விழுது அது. அது இல்லாமல் எங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. அவருக்கு அதன் நிறத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கும்.

மிட்சுயோ பாத்திரத்திலிருந்து வெங்காயத்துக்கும், வெங்காயத்திலிருந்து அடுப்புக்கும் நகர்ந்தாள். அந்தச் சமையலறையில் அவள்தான் ஒரே பெண். வேலைக்காரர்கள் சாப்பிடும் மத்தியானச் சாப்பாடு அவள் பொறுப்பு. விருந்தாளிகளுக்கு ஊற்றியதில் மிஞ்சிய சிவப்பு ஒயினில் கோழியை வேகவைத்து, அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மிசோவைக் கரைத்துவிட்டு, பளபளவென்று சுண்டும்வரை ஒருநாள் கிண்டியிருக்கிறாள். குரேபயாஷி எட்டிப் பார்த்து, "என்ன இது, சேறு மாதிரி?" என்று கேட்டாராம். அந்த வாசனை கூடத்துக்குப் போயிருக்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கையிலிருந்த மெனுவை மூடிவிட்டு, உள்ளே கொதிப்பதுதான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார்.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்தக் கோழிதான் கடையின் அடையாளம். நகோயாவில் பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் அந்தச் சிவப்புக் கோழி என்று ஆகிவிட்டது. டிவியில் வந்தார்கள். நான் பார்த்தேன். இந்தச் சாஸ் எப்படித் தோன்றியது என்று கேட்ட பெண்ணிடம், "லியோனில் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன், மூடுபனி, திடீரென்று மனதில் உதித்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் மனுஷர். அவருக்குப் பின்னால் யாரோ சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. முழங்கை மட்டும் தெரிந்தது. அது மிட்சுயோவின் முழங்கை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பவே கரண்டியால ஒண்ணு போட்டிருக்கணும்டி" என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"போட்டிருந்தா எனக்குக் கடை கிடைச்சிருக்காதே அக்கா" என்றாள்.

அதுதான் அவளைப் பிடித்து வைத்திருந்த தூண்டில். ஒருநாள் உனக்கென்று கடை வைத்துத் தருவேன் என்று குரேபயாஷி சொல்லவில்லை. அவர் அவ்வளவு தாராளம் கிடையாது. "நீ கடை போடுறப்போ முதல் பூத்தாங்கி என்னோடதுதான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்தத் தொழிலில் அது சின்ன விஷயமில்லை. கடை திறக்கும் நாளில் வாசலில் ஆளுயரத் தாங்கிகளில் பூக்களை அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். வாசலுக்கு வலப்பக்கம் முதல் இடம் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு. மீன்காரரோ ஒயின்காரரோ வந்ததும் முதலில் அந்தப் பலகையைத்தான் படிப்பார்கள். அந்தப் பெயர் இருந்தால் கடன் கொடுக்கலாம், நல்ல சரக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் இவள் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் அல்லது கையாடிவிட்டு வந்தவள் என்று அர்த்தம்.

இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பிறகு மிட்சுயோ எங்கள் கடைத்தெருவில், என் சுவருக்கு அடுத்து, ஒரு சின்ன இடம் பிடித்தாள். முறையாகப் போய்க் குனிந்து விடைபெற்றாள். அவரும் தோளில் தட்டி, "போய் வா, பூ வரும்" என்றார். அன்று வரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. திறப்புக்கு முந்தைய வாரம் அவளுடைய மெனுவில் அந்தக் கோழியும் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

திறப்பு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஒரு பூத்தாங்கி வைத்தேன். டோஃபுக் கடை காமியாம்மா ஒன்று, அரிசிக் கடைக்காரர் ஒன்று. வலப்பக்கம் முதல் இடத்தை மிட்சுயோ காலியாகவே விட்டிருந்தாள். நான் என்னுடையதை அங்கே நகர்த்தப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். "வரும் அக்கா, லாரி எங்கயாவது மாட்டியிருக்கும்" என்றாள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றவள், தெருமுனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். மீன்காரர் வந்தார், அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், வாழ்த்துச் சொன்னார், போனார். மறுநாளிலிருந்து அவளுக்கு வந்தது மற்ற கடைகள் கழித்த மீன். ஒயின்காரர் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. திறப்பு அன்று பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் அவள் உள்ளே போனாள்.

முதல் சில வருஷங்கள் அவளைப் பிழைக்க வைத்தது நாங்கள்தான். நாங்கள் என்றால் தெருவிலிருக்கும் கிழடுகட்டைகள். ஆம்லெட்டும் வெங்காய சூப்பும் செய்து எங்களுக்குப் போட்டாள். பிரெஞ்சுச் சாப்பாடாவது ஒன்றாவது என்று முகத்தைத் திருப்பிய காமியாம்மா, சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக வெளியாட்கள் வந்தார்கள். கோழியைத் தேடி வந்தார்கள். "அந்தப் பெரிய கடையோடதைவிட நல்லா இருக்கே, அங்கேருந்து கத்துக்கிட்டீங்களா?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் மிட்சுயோ அவர்களுடைய மோவாயைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

போன வருஷம் எங்கள் தெரு திடீரென்று நாகரிகமாகிவிட்டது. இளசுகள் வந்து மூலை முடுக்கையெல்லாம் படம் எடுக்கிறார்கள். எதிர்ச் சாரியில் பூட்டிக் கிடந்த செருப்புக் கடையில் தச்சு வேலை நடந்தது. இலையுதிர்காலத்தில் முகப்பை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். குரேபயாஷியின் இரண்டாவது கடை. ஜன்னல் அளவுக்கு ஒரு படம், அதில் சிவப்புக் கோழி. கீழே, "லியோன் மூடுபனியில் பிறந்தது."

மறுநாள் காலை மிட்சுயோ என் கடைக்கு வந்தாள். எங்கள் ஊரில் காலையில் காபி கேட்டால் டோஸ்ட்டும் அவித்த முட்டையும் சேர்ந்தே வரும். அவள் முட்டையைத் தொடவில்லை. எதிரே இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருவுல ரெண்டு சிவப்புக் கோழி ஓடாது" என்றாள். "அவருது ஓடுச்சுன்னா என்னைக் காப்பி அடிச்சவள்னு சொல்லுவாங்க. ஏற்கெனவே சொல்றாங்க. நான் மூட வேண்டியதுதான்."

"அதுக்கு என்ன பண்ணப் போறே? எலி விடட்டுமா? என் பின்கட்டுல நிறைய இருக்கு."

"எலி வேணாம்" என்றாள். "திறப்பு அன்னிக்கு அவர் கடைப் பூவை யாரும் தொடக்கூடாது அக்கா. ஒரு இதழைக்கூட."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இது எங்கள் ஊர் விஷயம், டோக்கியோவில் இப்படிக் கிடையாது. இங்கே கடை திறக்கும் அன்று வைக்கும் பூக்களைத் தெருவில் போகிறவர்கள் பிடுங்கிக்கொண்டு போகலாம். போக வேண்டும். கேட்கத் தேவையில்லை. செய்தித்தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு பெண்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் தாங்கி மொட்டையாகிறதோ அவ்வளவு சீக்கிரம் கடை விளங்கும். பூ அப்படியே நின்றால், அந்த ஊர்க்காரர்களே தொட அஞ்சுகிற கடை என்று பெயராகிவிடும். மிட்சுயோ கடை திறந்த அன்று அவளுடைய மூன்று பூத்தாங்கிகளும் காபி ஆறுவதற்குள் காலி. குரேபயாஷியின் முதல் கடை மேல்மாடியில், பூக்களெல்லாம் பூட்டிய கூடத்துக்குள். தெருவில் கடை வைப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. இந்த வழக்கத்தைப் பற்றி யாராவது பேசினால் "பட்டப்பகல் திருட்டு" என்பாராம். மிட்சுயோ அதை மறக்கவில்லை.

காமியாம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த வட்டாரத்தில் பூப் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வங்கி திறப்புக்குப் போய் ஆர்க்கிட் பூவை வேரோடு கொண்டுவந்தவள்.

"ஏண்டி ஃபுமியே" என்றாள் என்னைப் பார்த்து. "டிவிக்காரன் பூ அனுப்புவான், பேங்க்காரன் அனுப்புவான். லில்லியே நூறு இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றியா? எனக்குக் கை அரிக்காதா?"

"சொறிஞ்சுக்கோ."

"மத்தவளுங்க எடுத்துட்டா?"

"மத்தவளுங்களுக்கும் நீதான் சொல்லணும். உன் வார்த்தையைத் தட்ட இங்க எவளுக்குத் தைரியம் இருக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் ஆள் குளிர்ந்துவிட்டாள். என்னோடு வந்திருந்த மிட்சுயோ தலை குனிந்து நின்றாள். காமியாம்மா அவள் பக்கம் திரும்பி, "உன் வாசல்ல அந்தக் காலி இடம் இருந்துச்சே, அதை நானும் பார்த்தேன்" என்றாள். "போ. ஒருத்தியும் தொட மாட்டா."

திறப்பு நாள் பளிச்சென்று விடிந்தது. எதிர்ச் சாரி முழுக்கப் பூ. வெள்ளை ஆர்க்கிட், லில்லி, கையகல ரோஜா, பெயர் தெரியாத வெளிநாட்டுப் பூக்கள். வாசனை என் காபியையே அமுக்கிவிட்டது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் என் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பைக்குள் கத்தரிக்கோல் இருந்தது, எடுக்கவில்லை. காமியாம்மா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

வேறு பேட்டையிலிருந்து ஒரு பெண் செய்தித்தாளோடு வேகமாக வந்து ஒரு லில்லியைப் பிடித்தாள். காமியாம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

"அந்தப் பூவையா எடுக்கப் போறே?"

"ஏன்? என்ன?"

"ஒண்ணுமில்ல. நாங்க யாரும் தொடல. அதான் சொன்னேன்."

அந்தப் பெண் கொள்ளியைத் தொட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் அவள் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு காமியாம்மா எழுந்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பத்து மணிக்குக் குரேபயாஷி வாசலுக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நரைத்த தலையைப் பின்னால் வாரியிருந்தார். ஒரு பூக்கூடக் குறையாததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "உங்க ஊர்லயும் நாகரிகம் வந்துடுச்சே!" என்று மேனேஜரிடம் சொன்னது எங்கள் ஜன்னல் வரை கேட்டது. மேனேஜர் இசோகாய் இந்த ஊர்ப் பிள்ளை, மூன்று வருஷம் முன்புதான் அவரிடம் சேர்ந்தவன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஏதோ சொல்லப் போனான். அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு அட்டை எழுதி எடுத்துவந்து நடுத் தாங்கியில் தானே மாட்டினார். "பூக்களைத் தொட வேண்டாம்."

எங்கள் பக்கம் ஒருத்தி காபியை மூக்கால் விட்டாள். நாங்கள் செய்த ஏற்பாடு பாதிதான். மீதியை மனுஷர் தன் கையாலேயே செய்துகொண்டார்.

அவர் உள்ளே போனதும் இசோகாய் ஓடிவந்தான்.

"அம்மா, தயவுசெஞ்சு ஒருத்தராவது வந்து எடுங்கம்மா. ஒரு பூ. ஒரே ஒரு பூ."

"அட்டை மாட்டியிருக்கே தம்பி" என்றேன். "எங்களுக்குப் படிக்கத் தெரியும்."

"அதை நான் கழட்டிடறேன்."

"கழட்டு. நாங்க படிச்சுட்டோமே."

அவன் நிஜமாகவே போய்க் கழற்றினான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் கையைக் கூப்பாத குறையாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவர்கள் நடை வேகமானது. பூவை எடுங்கள் என்று கெஞ்சுகிற கடையை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மத்தியானம் அழைப்பு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். வங்கிக்காரர் காரிலிருந்து இறங்கினார். வரிசையாக நிற்கும் பூக்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பூக்களைப் பார்த்தார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு இருவரும் காரில் ஏறிவிட்டார்கள். மிசோ வியாபாரி ஒருவர் வந்தார். அவர் உள்ளே போனார், ஆனால் உட்காராமல் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். டிவிக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், கோழியை விட்டுவிட்டுப் பூக்களைப் படம் எடுத்தார்கள்.

நான் அப்போது மிட்சுயோவின் கடையில் இருந்தேன். அவளுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். அவள் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கதவு திறந்தது. குரேபயாஷி.

"நிவா."

"வாங்க செஃப்."

"இசோகாய் எல்லாம் சொன்னான். இது உன் வேலையா?"

"நான் இங்க வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"விளையாடாதே. அந்தக் கிழவிங்க உன் பேச்சைக் கேட்பாங்க. வந்து எடுக்கச் சொல்லு."

கிழவி என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதோ ஒரு கிழவி இங்கயே இருக்கேன், என்கிட்டயே கேளுங்களேன்" என்றேன். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மிட்சுயோ கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தாள். முதல் தடவையாக அவள் ஒருவரின் மோவாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"சொல்றேன் செஃப். நீங்க முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கோழி யாரோடதுன்னு தெருவுல நின்னு சொல்லுங்க. பேர் சொல்லிச் சொல்லுங்க. சொன்ன அந்த நிமிஷமே நானே வந்து முதல் பூவை எடுப்பேன். அவங்க எல்லாரையும் கூப்பிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள உங்க வாசல்ல தண்டுகூட மிஞ்சாது."

அவர் சிரித்தார். "ஒரு சாஸுக்காக இவ்வளவா?"

"உங்களுக்கு வெறும் பூதானே செஃப். நிக்கட்டுமே."

வெளியே ஒரு கார்க் கதவு அடித்து மூடும் சத்தம். இன்னொரு விருந்தாளி திரும்பிப் போகிறார். குரேபயாஷி அந்தப் பக்கம் பார்த்தார். "சரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மாட்டேன் என்று அவர் முறைத்துக்கொண்டு போவார், பூவெல்லாம் அழுகும், நான் ஒரு வாரம் உட்கார்ந்து ரசிக்கலாம் என்று நினைத்திருந்தேன். மிட்சுயோ வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாள். இந்த ஆள் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடுவார் போலிருந்தது.

தெரு நடுவில் போய் நின்றார். மிட்சுயோ தன் வாசலில் நின்றாள். காமியாம்மாவும் மற்றவர்களும் என் கடையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த விருந்தாளிகள், வேடிக்கை பார்ப்பவர்கள், காமிராக்காரர்கள் என்று கூட்டம் வட்டமாக நின்றது. அவர் இடுப்பை மடித்து நன்றாகக் குனிந்தார். நிமிர்ந்தார். மேடையில் பேசுகிற குரலில் தொடங்கினார்.

"எங்கள் உணவகத்தின் சிவப்பு மிசோக் கோழி என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஒருவருடையது. இன்று அதை நான் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் பெயர், நிவா…"

மிட்சுயோவின் கை உயர்ந்தது. காமியாம்மாவைக் கூப்பிடத்தான். காமியாம்மாவும் கைப்பையைத் திறந்துவிட்டாள்.

"நிவா…" என்றார் மறுபடி. வாய் திறந்தபடியே நின்றது. ஒருவரைப் பற்றி ஊர் கூட்டிச் சொல்லும்போது குடும்பப் பெயரோடு நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் நின்றுவிட்டார். இசோகாய் பக்கம் கண்ணைத் திருப்பினார். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் தரையைப் பார்த்தான். குரேபயாஷி மிட்சுயோவைப் பார்த்தார். நீயே சொல்லேன் என்பது போல.

சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் "நிவா, சட்டி", "நிவா, வெங்காயம்" என்றே அழைத்தவர். சம்பளக் கணக்கை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். பதற்றத்தில் மறந்திருப்பார் என்று பிறகு சிலர் அவருக்குப் பரிந்து பேசினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"இவனுக்கு அவ பேரே தெரியலடி!" என்று காமியாம்மா தெரு அதிரக் கத்தினாள்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. காமிராக்காரன் மட்டும் நெருங்கிப் போய் அவர் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மிட்சுயோவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவள் முகத்தில் கோபம் இல்லை, வெற்றியும் இல்லை. வெளுத்துப் போயிருந்தாள்.

"அடுப்புல சட்டி இருக்கு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காமியாம்மா கைப்பையை டப்பென்று மூடினாள்.

பூக்கள் நின்றன. மறுநாளும் நின்றன. ரோஜா கறுத்தது, லில்லி வழுவழுத்து உதிர்ந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பூக்கடை ஆட்கள் வந்து, குப்பை வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியை நான் காபியோடு நிதானமாகப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. தொலைக்காட்சியில் பூக்களும் வந்தன, பெயர் வராமல் திறந்த வாயும் வந்தது. மூடுபனி பற்றிய படத்தை அவர்களாகவே ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். குளிர்காலத்தில் எதிர்க் கடையில் விளக்கு எரியும், நாற்காலி காலியாக இருக்கும். இசோகாய் வேறு வேலை தேடிக்கொண்டான். ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து மிட்சுயோவின் கடையில் சாப்பிட்டுப் போனான்.

"அவர் உன் பேரைச் சொல்லியிருந்தா?" என்று நான் அவளிடம் ஒருமுறை கேட்டேன்.

"எடுத்திருப்பேன். எல்லாத்தையும் எடுத்திருப்பேன் அக்கா. அன்னிக்கு அவர் வாசல் விளங்கணும்னு மனசாரக்கூட நினைச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் சட்டியைக் கிண்டினாள். "அவ்வளவு மலிவா விடத் தயாரா இருந்தேன். அதை நினைச்சாதான் இப்ப ஆத்திரமா வருது."

மழைக்காலம் தொடங்கியபோது எதிர்க் கடையை மூடினார்கள். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கக் குரேபயாஷியே வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் சின்ன மனிதராகத் தெரிந்தார். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்கள் பக்கமாக நடந்து வந்தவர், மிட்சுயோவின் வாசலில் நின்றுவிட்டார். அங்கே அவளுடைய மெனுப் பலகை இருந்தது. முன்பெல்லாம் அதில் "கோழி" என்று மட்டும் எழுதியிருப்பாள். அந்தத் திறப்பு நாளுக்குப் பிறகு, பலகையின் பாதியை அடைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் வேறு மாதிரி எழுதத் தொடங்கியிருந்தாள்: "நிவா மிட்சுயோவின் சிவப்பு மிசோக் கோழி."

எங்கள் கடைகளுக்கு நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். நான் அதைத் தட்டினேன்.

"அடியே, சீக்கிரம் வந்து பாரு. உன் வாசல்ல நிக்கிறாரு. வாய் அசையுது, உன் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு."

அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நிற்கவே இல்லை.

"படிக்கட்டும் அக்கா" என்றாள். "அவசரமில்ல. நிதானமாப் படிக்கட்டும்."